துக்கப்படுவதைப் பவுல் தடுக்கவில்லை

‘விசுவாசி மரண வீட்டில் அழக்கூடாது, பைபிளில் 1 தெசலோனிக்கேயர் 4:13-இல் அப்போஸ்தலனாகிய பவுல் அப்படித்தான் கட்டளையிட்டிருக்கிறார்’ என்று, கணவரை இழந்த ஒரு சகோதரிக்கு இங்கே ஒரு சகோதரர் எழுதியிருப்பது அந்த வசனத்தைப் பாதியில் வெட்டிச் சொல்வதாகும். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதுகிறாரே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. அவரே பிலிப்பியர் 2:27-இல், மரணத்தறுவாயில் கிடந்த தன் உடன் ஊழியரான எப்பாப்பிரோதீத்துவுக்குத் தேவன் இரங்கியது, தனக்குத் ‘துக்கத்தின்மேல் துக்கம்’ நேரிடாதபடி தனக்கும் இரங்கியதாகும் என்கிறார். அந்த நண்பர் இறந்திருந்தால் தாம் கலங்கியிருப்பார் என்பதை அவர் மறைக்கவில்லை. விசுவாசத்திற்காக ஸ்தேவான் என்பவர் கல்லெறியுண்டு மரித்தபோது அவரை அடக்கம்பண்ணி மிகவும் புலம்பியவர்களை அப்போஸ்தலர் 8:2 தேவபக்தியுள்ளவர்கள் என்றே அழைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மரித்துப்போன லாசருவைத் தாம் எழுப்பப்போவதை அறிந்திருந்தும், அவன் சகோதரியான மரியாளும் அவளோடு வந்தவர்களும் அழுவதைக் கண்டு இயேசு கலங்கிக் கண்ணீர் விட்டதாக யோவான் 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையும் கண்ணீரும் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. கணவரை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்தச் சகோதரியிடம் ‘உங்கள் அழுகை அவிசுவாசம்’ என்று எழுதியதை, தயவுசெய்து அந்தச் சகோதரரே நீக்கிவிட வேண்டும்.