கரப்பான் அழுக்கால் வருவதில்லை
தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ்க் குடும்பங்களிடையே வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் ஒரு செய்தி, குழந்தைகளின் கரப்பான் (எக்சிமா எனப்படும் அரிப்புள்ள தோல் அழற்சி) அழுக்கால் வருவதென்றும், கிருமிநாசினி சோப்பை அழுத்தித் தேய்த்தால் தீருமென்றும் கூறுகிறது. இது தவறு.

தோலின் மேலடுக்கில் உயிரற்ற செல்களுக்கிடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய கொழுப்புகள் படலங்களாக அமைந்து, உடலின் நீர் வெளியேறாமலும் ஒவ்வாமைப் பொருள்கள் உட்புகாமலும் காக்கின்றன. அவற்றின் எடையில் ஏறத்தாழப் பாதி செராமைடே. தோலின் மேலடுக்கை உறுதிப்படுத்தும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் பழுதிருந்தால் இந்த அரண் பிறப்பிலேயே நலிந்திருந்து, கரப்பானுக்கு வழிவிடும் என்பது 2006இல் தெரியவந்தது. ஆயினும் அப்பழுது இல்லாதவர்க்கும் கரப்பான் வருவதால், பரம்பரையை மட்டும் பழிப்பதும் பொருந்தாது.

காரத்தன்மை மிக்க சோப்போ எஞ்சிய கொழுப்பையும் அகற்றி, தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைத்து, செராமைடு உண்டாக்கும் நொதிகளையும் தளர்த்துகிறது. குளித்த ஈரம் காயுமுன் மணமற்ற களிம்பு பூசுவதே தகும். சீழ் கண்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.