ஹகுஜாடென்: "முதல் படம்" என்ற பட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

ஹகுஜாடென் பற்றி யார் எழுதினாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஜப்பானின் முதல் முழுநீள வண்ண அனிமேஷன் படம், 1958, டோயெய் நிறுவனம், இயக்கம் டைஜி யாபுஷிடா. அவ்வளவுதான். படம் வெளியான அக்டோபர் 22ஐ 2017இல் அங்கே "அனிமே தினம்" என்றே அறிவித்தார்கள். மரியாதைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மரியாதையே படத்துக்கு எதிரியாகிவிட்டது. பேரைத் தெரிந்தவர்கள் ஏராளம், உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களிலும் பாதிப் பேர் "அந்தக் காலத்துக்கு நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்" என்று பெருந்தன்மையாகத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் கடும் வருத்தம் உண்டு. ஒரு பழைய சீனக் கதையைக் கையில் எடுத்து இந்தப் படம் செய்த காரியம் பெரியது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கதை இதுதான். ஷு ஷியென் என்ற சிறுவன் ஒரு சின்ன வெள்ளைப் பாம்பை ஆசையாக வளர்க்கிறான், பெரியவர்கள் திட்டி அதைத் தூக்கிப் போட வைக்கிறார்கள். வருடங்கள் கழித்து ஒரு புயல் இரவில் அந்தப் பாம்பு பாய் நியாங் என்ற பெண்ணாக மாறி வருகிறது, காரணம் அவன்மேல் உள்ள அன்பு மட்டுமே. பாம்பு பெண்ணாகும் கதை நமக்குப் புதிதில்லை, நம்மூர்ப் படங்களில் அது பெரும்பாலும் பழிவாங்க வரும். இவள் யார்மீதும் கோபமில்லாமல் வருகிறாள். ஃபா ஹாய் என்ற துறவி மட்டும் இவள் பிசாசு, இவனைக் கொன்றுவிடுவாள் என்று உறுதியாக நம்பி இருவரையும் பிரிக்கிறார். அதற்குப் பிறகு நடப்பதுதான் படம்.

இந்தக் கதை வந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான் படத்தின் துணிச்சல் புரியும். சீனாவில் ஹாங்சோவின் மேற்கு ஏரியைச் சுற்றி வாய்மொழியாகப் பல காலம் உலவிய கதை இது. 1624இல் ஃபெங் மெங்லோங் தன் தொகுப்பில் எழுதியபோது பாம்புப் பெண் ஓர் அபாயம், ஆணை மயக்கும் பொல்லாத சக்தி. துறவி அவளைப் பிடித்து லெய்ஃபெங் கோபுரத்தின் அடியில் அடைக்கிறார், கணவனும் துறவியாகிவிடுகிறான். ஆசையில் விழாதே என்ற எச்சரிக்கையாகத்தான் அந்தக் கதை சொல்லப்பட்டது. ஜப்பானுக்கும் அது அந்த முகத்தோடுதான் போனது. 1776இல் உவேடா அகினாரி அதை ஜப்பானிய மண்ணுக்கு மாற்றி எழுதியபோதும் பாம்பு கடைசியில் கோயில் மண்ணுக்குள் புதைந்துபோகிறது.

ஆனால் சீன மக்கள் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. 18ஆம் நூற்றாண்டு நாடக மேடைகளில் அவள் நல்ல மனைவியாகிறாள், தாயாகிறாள். தன் பாம்பு உருவத்தைப் பார்த்து அதிர்ச்சியில் செத்துப்போன கணவனைப் பிழைக்க வைக்க, மலை மேல் காவலிருக்கும் மூலிகையை உயிரைப் பணயம் வைத்துத் திருடி வருகிறாள். கூட்டத்தின் பரிவு முழுக்க அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. 1924 செப்டம்பரில் லெய்ஃபெங் கோபுரம் நிஜமாகவே இடிந்து விழுந்தது. அப்போது சீன எழுத்தாளர் லூ ஷுன் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். பாட்டி சொன்ன கதையைக் கேட்டதிலிருந்து அந்தக் கோபுரம் விழ வேண்டும் என்பதுதான் சின்ன வயதில் தன் ஒரே ஆசை என்கிறார். ஃபா ஹாய் தண்டனைக்குப் பயந்து நண்டு ஓட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டதாக அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்களாம். நண்டைத் தின்னும்போது ஓட்டைப் பிரித்து உள்ளே தேடினால் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய துறவியின் உருவம் கிடைக்கும், அதுதான் அவர்! மூன்று நூற்றாண்டாக ஒரு மக்கள் கூட்டம் ஒரு பாம்புக்காக வழக்காடியிருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு சிலிர்க்கிறது.

ஹகுஜாடென் அந்த வழக்கில் அடுத்த வாதத்தை வைக்கிறது. பாய் நியாங்கின் தோழி ஷியாவ் சிங் பிற்கால நாடகங்களில் பச்சைப் பாம்பு, படத்திலோ அவள் ஒரு மீன். இது டோயெய்காரர்களின் கற்பனை என்று சிலர் எழுதுகிறார்கள், அப்படி இல்லை, ஃபெங் மெங்லோங்கின் பழைய கதையிலேயே அவள் மீன்தான். அந்தப் பழைய, பாம்பை வெறுத்த கதையிலிருந்து ஒரு நூலை எடுத்துக்கொண்டு அதன் தீர்ப்பை அப்படியே புரட்டிப் போட்டிருக்கிறார்கள். ஷு ஷியென் பாறையிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். நாடகத்தில் மூலிகையைத் திருடியவள் இங்கே டிராகன் தெய்வத்திடம் போய் உயிர்ப்பூவைக் கேட்கிறாள், அதற்கு விலையாகத் தன் மாய சக்தி முழுவதையும் கொடுத்துவிட்டுச் சாதாரண மனுஷியாகத் திரும்புகிறாள். பேரம் பேசவில்லை, அழவும் இல்லை. யாரும் அவளை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் ஃபா ஹாய். என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சம் அவர்தான். அவரைக் கொடியவராக வரைந்து கடைசியில் அடித்துக் கொன்றிருந்தால் கைதட்டல் சுலபமாகக் கிடைத்திருக்கும். செய்யவில்லை. அவர் கெட்டவர் கிடையாது, தான் சரியானதைத்தான் செய்கிறோம் என்று முழு மனதோடு நம்புகிறவர். ஒரு பையனைக் காப்பாற்றுகிறோம் என்ற நம்பிக்கையோடு அவன் வாழ்க்கையையே நாசம் செய்கிறவர். இப்படிப்பட்டவர்களை நாம் எல்லாரும் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறோம். புயலில் கையில் பூவோடு போராடுகிறவள் இப்போது வெறும் மனுஷி என்று கண்ணால் பார்த்ததும் அவர் மாறுகிறார், தன் சக்தியை அவளைக் காப்பாற்றத் திருப்புகிறார். சீனாவில் நண்டு ஓட்டுக்குள் துரத்தப்பட்ட மனிதருக்கு இந்தப் படம் மனம் மாற ஒரு வாய்ப்புக் கொடுத்தது. இதைச் சிறுவர் படத்துக்கான சமரசம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே போகாது. எதிரியைக் கொல்வதைவிட அவன் தப்பை அவனே உணர்வதாக நம்பும்படி எழுதுவது கஷ்டமான வேலை.

இதெல்லாம் எந்த வசதியில் நடந்தது? டோயெயின் அனிமேஷன் பிரிவான டோயெய் டோகா 1956இல்தான் தொடங்கியது. கீழைநாட்டு டிஸ்னியாக வேண்டும் என்பது தலைவர் ஹிரோஷி ஒகாவாவின் கனவு, ஆனால் கையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் இளம் புதியவர்கள். மூல ஓவியங்களின் பாரம் யாசுஜி மோரி, அகிரா டைகுஹாரா என்ற இரண்டு பேர் தோளில். இடைப்பட்ட அசைவுகளை வரைந்த கூட்டத்தில் பிற்காலத்தில் பெரிய பெயர் எடுத்த ரெய்கோ ஒகுயாமாவும் இருந்தார். குரல் இன்னும் ஆச்சரியம், படத்தில் வரும் அத்தனை பாத்திரங்களுக்கும் ஹிசாயா மோரிஷிகே, மரிகோ மியாகி இருவர்தான் பேசுகிறார்கள். ஜப்பானுக்கு முதல் பாண்டாக் கரடிகள் வந்தது 1972இல், சீனாவோடு தூதரக உறவு ஏற்பட்ட பிறகு. அதாவது ஷு ஷியென் வளர்க்கும் பாண்டாவை வரைந்தபோது அந்த நாட்டில் பார்த்து வரைய ஒரு பாண்டா கூடக் கிடையாது. ஆனாலும் அந்தக் குண்டு உடம்பின் கனம், திரும்பும்போது முதலில் திரும்புகிற தலை, எல்லாம் எவ்வளவு உயிரோடு இருக்கிறது! தன் எஜமானைத் தேடிப்போகும் இடத்தில் ஊர் ரவுடி விலங்குகளோடு பாண்டா மோதி அவர்களுக்கே தலைவனாகிவிடும் பகுதி கதைக்குத் தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான், எனக்கு அதில் ஒரு நொடிகூட வெட்ட மனம் வராது.

அமெரிக்காக்காரர்கள் 1961இல் இதை வெளியிட்டபோது தலைப்பிலேயே பாண்டாவை முன்னால் நிறுத்திப் பாம்பைப் பின்னால் தள்ளினார்கள். ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யும் கதையைக் கரடிக் கதையாக விற்றார்கள். இதை மன்னிக்க எனக்கு மனசில்லை.

அனிமே இயக்குநர் ஹயாவோ மியாசாகி, தன் பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இந்தப் படத்தைப் பார்த்து நாயகிமேல் காதலில் விழுந்ததை அவரே எழுதியிருக்கிறார். 1963இல் அதே டோயெயில் வேலைக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் படத்தின் குறைகளைக் கடுமையாகவே பேசினார், அது தொழில்காரரின் கண். ஆனால் 2008இல் வந்த அவருடைய பொன்யோ படத்தைப் பாருங்கள். புயல், பொங்கும் அலை, மீனாக இருந்து பெண்ணாகும் ஒரு சிறுமி, கடைசியில் மாயத்தை விட்டுக்கொடுத்து மனுஷியாவது. ஷியாவ் சிங் கிளப்பிவிடும் புயலில் அலைகள் எழும் விதத்தைப் பார்த்துவிட்டுப் போய்ப் பொன்யோ பார்த்தால், ஐம்பது வருடமாக அந்த மனிதரை அந்தத் தண்ணீர் விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. ஷு ஷியென் சோப்ளாங்கி. ஏங்குவதும் மயங்குவதும் தவிர அவனுக்கு வேலை இல்லை, இவனுக்காகவா இவள் இத்தனை செய்தாள் என்று எரிச்சல் வரும். பாடல்கள் சில இடங்களில் வேகத்தைக் குறைக்கின்றன. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு, ஒன்று சேர வேண்டுமென்றால் அவள்தான் மாற வேண்டுமா? பாம்பாகவே இருந்து அவனோடு வாழ முடியாதா? 2019இல் சீனர்கள் இதே கதைக்கு எடுத்த அனிமேஷன் படம் அதைப் பிடித்துக்கொண்டது. அதில் அவளுக்காக மனிதத்தன்மையை விட்டுவிட்டு அரக்கனாக மாறுகிறவன் அவன். அந்தத் திருப்பம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் பாம்பை அரக்கியாகவே பார்த்து வந்த எழுத்து மரபு இருந்த நாட்டில் 1958இல் அவளைப் படகில் ஏற்றி, காதலனோடு உயிரோடு அனுப்பிவைத்ததை அதை வைத்துச் சின்னதாக்க முடியாது.

பார்க்கிறவர்கள் ஆங்கில டப்பிங்கைத் தொடாதீர்கள். சுத்தப்படுத்திய 4கே பிரதியை 2019இல் கான் விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் திரையிட்டார்கள், அந்தப் பிரதி ஜப்பானியக் குரலோடு கிடைத்தால் அதையே பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூட உட்கார வையுங்கள், ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஓடும். ரொம்பச் சின்னவர்கள் புயல் காட்சியில் பயந்துவிடலாம், பக்கத்தில் இருங்கள்.