வேண்டிக்கொள்ளுங்கள் என்றால் அவ்வளவு சிரிப்பா?

வியாழக்கிழமை நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும், மறுபடி விவரிக்கவில்லை. அந்தப் பெண் எழுதியது ஒரே ஒரு வரி: "அவருக்கு நாளைக்கு ஆபரேஷன், எல்லாரும் வேண்டிக்குங்க." அதற்கு நம் பகுத்தறிவுச் சிங்கம், "சாமி பார்த்துக்கும்னா டாக்டர் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை வேறு போட்டார். கட்டைவிரல் காட்டியவர்கள் யார் யார் என்றும் பார்த்துக்கொண்டேன். இருக்கட்டும்.

சார், அவள் டாக்டரிடம் போய்விட்டுத்தான் நம்மிடம் வந்தாள். ஆபரேஷன் என்றுதானே எழுதியிருக்கிறாள்? ஸ்கேன், ரத்தம், காப்பீட்டு அட்டை, கையெழுத்து எல்லாம் முடித்துவிட்டு, இனி நம் கையில் ஒன்றுமில்லை என்று வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது எழுதியது அது.

அப்பாவுக்கு பைபாஸ் நடந்தபோது தஞ்சாவூரில் நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். தேவாரம் சொல்லாமல் காபி குடிக்காதவள் நான். அன்றைக்குப் பதிகம் முதல் அடியோடு நின்றுவிட்டது. மேலே வரவே இல்லை. எனக்காக மற்றவர்கள் சொன்னார்கள். எதிர்வீட்டு மாமா நாகூர் தர்காவில் பாத்திஹா ஓதிச் சர்க்கரை கொண்டுவந்தார். கூட வேலை பார்க்கும் டீச்சர் வேளாங்கண்ணி எண்ணெயைக் கொடுத்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க" என்றார். தப்பாக நினைப்பதா! அம்மா அதைத் திருநீற்றுப் பொட்டலத்தோடு சேர்த்து முடிந்துகொண்டாள். நாகூரில் பெரிய மினாராவைக் கட்டியவரே தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிங்தான். நம் பக்கத்தில் இதெல்லாம் நேற்று வந்த பழக்கமில்லை.

2006-ல் வந்த அமெரிக்க ஆய்வு தெரியுமா என்பீர்கள். தெரியும், குழுவில் அதையும் ஒருவர் போட்டாரே. ஆறு மருத்துவமனைகள், 1,802 பைபாஸ் நோயாளிகள். பிறர் வேண்டியதால் சிக்கல் குறையவில்லை. தங்களுக்காக வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, வேண்டுகிறார்களா இல்லையா என்று உறுதியாகத் தெரியாமலே வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேண்டியவர்கள் யார்? பெயரும் ஓர் எழுத்தும் மட்டும் தெரிந்த முகமறியாதவர்கள். அவர்களில் யாராவது வெந்நீர் பிளாஸ்க்கோடு படியேறி வந்தார்களா? "நீ போய்க் கொஞ்ச நேரம் படு, நான் இருக்கேன்" என்றார்களா? அதை எந்த ஆய்வில் அளப்பீர்கள்?

இன்சுலினை நிறுத்து, ஜெபம் போதும் என்கிறவர்களைப் பிடித்துப் போலீஸில் கொடுங்கள், நானும் கூட வருகிறேன். அவர்களுக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

பிறரை வேண்டச் சொல்வது பலவீனமாம். சூலை என்கிற வயிற்றுவலி தாங்காமல், தேவாரம் பாடிய அப்பர் போய் விழுந்தது அக்கா திலகவதியார் காலில். அதற்கு முன்பே தம்பிக்காக அதிகை வீரட்டானச் சிவன் கோயிலில் அழுது வேண்டியவர் அந்த அம்மாள். அப்பரைவிட நாம் தைரியசாலிகளோ?

சரி, அப்பா பிழைத்தாரா? இல்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்து, அப்புறம் நுரையீரலில் கிருமி தொற்றிப் போய்விட்டார். "உங்க நம்பிக்கை பத்தலை" என்று துக்கம் கேட்க வந்த இடத்தில் சொன்ன பக்திமான்களும் உண்டு. உங்களுக்கும் அவர்களுக்கும் நான் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. சாமியோடு சண்டை போட்டுக்கொண்டு பல மாதம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. "நீங்க கும்பிட வேண்டாம், உங்களுக்கும் சேர்த்து நான் சொல்லிக்கிறேன்" என்றார் அதே டீச்சர். அப்படிச் சொல்ல ஒரு ஆள் இருந்ததால்தான் நான் திரும்பி வந்தேன்.

அறிவியல் பேசும் சார் எங்கள் வீட்டுக் காரியத்துக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். அவருடைய அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தபோது, என் அம்மா அந்த முட்டிவலியோடு பஸ் ஏறி வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் அவருக்காக உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். இப்போது சொல்லிவிட்டேன். திட்டுவாள், திட்டட்டும்.