எண்ணியதுதான் என் குற்றம் என்றால்

ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து வந்துகொண்டிருக்கும் செய்திகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத என்னால் இயலவில்லை. அதனால் ஒரே பதிவாக இங்கே எழுதிவிடுகிறேன். நடந்தது என்ன என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். என் மகன் ஆடிய பேஸ்பால் போட்டியின் நடுவே, மைதான ஓரத்துக் கயிற்றைத் தாண்டி நான் பயிற்சியாளரிடம் போய்ப் பேசிய அந்த அரை நிமிடக் காணொளியையும் பார்த்திருப்பீர்கள். அதில் என் குரல் சரியாகக் கேட்கவில்லை என்பதால், சொன்னதை அப்படியே திரும்பச் சொல்கிறேன்: "சார், நேற்று 88, இன்று காலை 52, இப்போது 34. போதும் சார்." இதற்கு மேல் ஒரு சொல்கூட நான் பேசவில்லை.

அவை என் மகன் எறிந்த பந்துகள். அவனுக்கு வயது 13.

பேஸ்பாலில் பிட்ச்சராக, அதாவது மட்டை பிடிப்பவரை நோக்கிப் பந்து எறிபவராக, நிற்கும் பிள்ளை எத்தனை பந்து எறிந்தான் என்று எண்ணுவது நான் புதிதாகக் கொண்டுவந்த வழக்கமன்று. அமெரிக்காவில் 1939-இல் தொடங்கப்பட்ட, பிள்ளைகளுக்கான பேஸ்பால் போட்டிகளை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு, ஒரு பிள்ளை எத்தனை இன்னிங்ஸ் எறியலாம் என்று பல ஆண்டுகள் கணக்கு வைத்திருந்துவிட்டு, 2007-இல் பந்துக் கணக்குக்கு மாறியது. அவர்கள் விதிப்படி 13, 14 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 66 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்துவிட்டால் அடுத்த நான்கு நாட்கள் பிட்ச்சராக நிற்கவே கூடாது. ஆகவே சனிக்கிழமை எறிந்த 88 பந்துகளை நான் குறை சொல்லவில்லை. அன்று அவன் அருமையாக எறிந்தான். நானும் எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் அந்தக் கணக்குப்படி அவன் அடுத்து எறியத் தகுந்த நாள் வியாழக்கிழமை. அவனை ஞாயிறு காலையிலும் எறியவைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் எறியவைத்தார்கள்.

மொத்தம் 174 பந்துகள். ஒரு பந்தின் எடை ஏறக்குறைய 145 கிராம் என்றால், இது 25 கிலோவுக்கு வரும்; எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு மூட்டைக் கொழுந்து. அந்த மூட்டையை என் மகன் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிவிடுவான், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேடு எடையில் இல்லை. முழு வேகத்தில் கையை வீசும் ஒவ்வொரு முறையும் முழங்கையின் உட்புறத்தில் ஏற்படும் இழுப்பில் இருக்கிறது. வளரும் வயதில் அந்த இடத்து எலும்பு முழுவதும் கூடியிருக்காது, இடையில் குருத்தெலும்பு இருக்கும். ஓய்வில்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அது விலகத் தொடங்கும். இந்த நோவுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரே லிட்டில் லீக் எல்போ என்பதுதான். பிள்ளைகள் விளையாடும் போட்டியின் பெயராலேயே ஒரு நோவு அழைக்கப்படுகிறது என்றால், எத்தனை பிள்ளைகளின் கை கெட்ட பிறகு அந்தப் பெயர் வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அன்று இரவு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் பேருந்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மலை வளைவுகள் தொடங்கியதும் எப்போதும் வலக்கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வான். அன்று வலக்கையை மடியில் ஒரு குழந்தையைப் போலக் கிடத்திவைத்துக்கொண்டு, உடம்பைத் திருப்பி இடக்கையால் கம்பியைப் பிடித்தான். வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றான். மறுநாள் காலையில் தலை வாரிக்கொள்ள முடியாமல் சீப்பைக் கண்ணாடி அருகே வைத்துவிட்டு, குல்லாயைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனான். மருத்துவர் பார்த்துவிட்டு நான்கு வாரங்களுக்குப் பந்து எறியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

இனி, எனக்கு எழுதியவர்களுக்கு.

"அமெரிக்கக்காரன் விதி நமக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்கள். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட் என்பது யாருடைய விதி? அதையெல்லாம் எழுத்துப் பிசகாமல் ஏற்றுக்கொண்டு விளையாடுகிறோம். பிள்ளையின் கையைக் காக்கும் விதி மட்டும் எப்படி அந்நியமாகிறது? கிரிக்கெட்டிலும் வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்கு வயது வாரியாக ஓவர் வரம்பு வைத்திருக்கும் நாடுகள் உண்டு. எண்ணுங்கள் என்றுதான் சொல்கிறேன், ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை.

"அணியில் இருப்பதே இரண்டு பிட்ச்சர்கள், சாரும் என்ன செய்வார்?" என்பது நியாயமான கேள்வி. சம்பளத்துக்கு மேல் உழைப்பவர் அவர், மழையில் நனைந்துகொண்டு பிள்ளைகளோடு நிற்பவர். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. ஆனாலும் ஜூனில் தொடங்கிய பயிற்சியில் மூன்றாவதாக ஒரு பிள்ளைக்கு எறியக் கற்றுக்கொடுத்திருக்கலாம். மூன்றாவது பிட்ச்சர் இல்லாத குறையை ஏன் என் மகனின் முழங்கை ஈடுகட்ட வேண்டும்?

சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீடு என்றெல்லாம் எழுதியவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை அவன்.

"அவனே எறிகிறேன் என்றானே" என்கிறீர்கள். சொல்லத்தான் செய்வான். சார் தட்டிக்கொடுத்து "முடியுமா தம்பி?" என்று கேட்டால் முடியாது என்று சொல்லும் பிள்ளையை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? அதற்காகத்தான் பெரியவர்கள் எண்ண வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். பெற்றோர் குழுவில் ஓர் அண்ணன் எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை. என்னைவிட மூத்தவர் என்பதால் இன்னமும் அண்ணன் என்றே எழுதுகிறேன். "கொழுந்து எடை போடும் நோட்டைக் கொண்டுவந்து நமக்கு பேஸ்பால் சொல்லித் தருகிறார்" என்று எழுதினார்; அதற்குப் பதினோரு பேர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். அவர்களில் மூவர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

ஆம், அது கொழுந்துக் கணக்கு நோட்டுதான். முன்பக்கத்திலிருந்து தேதி, கிலோ, கழிவு. கடைசிப் பக்கத்திலிருந்து ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு என் மகனின் பந்துகள். மழை நாளில் இலையில் ஒட்டியிருக்கும் ஈரத்துக்குக்கூடக் கணக்குப் போட்டு எங்களிடம் கிலோவைக் கழிக்கிறார்கள். அங்கே யாரும் கணக்கு எதற்கு என்று கேட்பதில்லை. பதினாறு வருடமாக அந்த நோட்டை எழுதித்தான் அவனைப் படிக்கவைக்கிறேன், அவனுடைய கிளவ்வையும் அதில் வந்த பணத்தில்தான் வாங்கினேன். இலை பறிக்கும் பெண்ணுக்கு நூறு வரை எண்ணத் தெரியாது என்று நினைத்தீர்களா, அல்லது எண்ணினாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்தீர்களா?

மகனும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. எல்லோர் முன்னாலும் அம்மா வந்து நின்றது அவனுக்கு அவமானமாக இருந்திருக்கிறது. அவனிடம் மட்டும் அதற்கு வருத்தம் தெரிவித்தேன். வேறு யாரிடமும் தெரிவிக்க மாட்டேன்.

அடுத்த போட்டிக்கு என் மகன் எறிய மாட்டான், ஆனால் இன்னொரு வீட்டுப் பிள்ளை எறிவான். ஸ்கோர் எழுதும் மேசையில் பந்துக் கணக்கையும் எழுத ஒருவரை உட்காரவையுங்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை. யாரும் உட்காரவில்லை என்றால், சனிக்கிழமை முதல் பேருந்திலேயே இறங்கி வந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து எழுதுவேன். அதே நோட்டில்தான் எழுதுவேன்.