ரீடர் வேலை செய்யாததற்கு நான் ஏன் ரெட்டிப்பு கட்ட வேண்டும்?

ஃபாஸ்டேக் ஒட்டினால் டோலில் நிற்கவே வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்? 2021 பிப்ரவரி நடுவில் அதைக் கட்டாயமாக்கினார்கள். டேக் இல்லாத வண்டிக்கு இரண்டு மடங்குக் கட்டணம். சரி, வரிசை குறைந்தால் நல்லதுதானே என்று எல்லாரும் கண்ணாடியில் ஒட்டினோம். பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்தோம். வங்கி கேட்ட ஆவணங்களை எல்லாம் கொடுத்தோம், மறுபடி கேட்டபோது மறுபடியும் கொடுத்தோம். அடுத்த மாதமே சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி மக்களவையில், ஒரு வருடத்துக்குள் சாவடிகளையே எடுத்துவிடுவோம், இனி ஜிபிஎஸ் வழியாகத்தான் வசூல் என்றார். அந்த ஒரு வருடம் முடிந்து எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. சாவடி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

2024 செப்டம்பரில் செயற்கைக்கோள் வழிக் கட்டணத்துக்கு விதியைத் திருத்தினார்கள். அதற்கான கருவி பொருத்திய வண்டிக்கு ஒரு நாளில் முதல் 20 கிலோமீட்டர் இலவசம் என்றார்கள். 2025 மே 1 முதல் நாடு முழுக்க அதுதான் என்று பேச்சு கிளம்பியது. அப்படி ஒரு முடிவே எடுக்கவில்லை என்று அமைச்சகம் அறிக்கை விட்டது. இப்படியே எத்தனை நாளைக்கு நம்பிக்கொண்டிருப்பது?

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன், குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர்கள். மேலே இருக்கிற ரீடர் அவர்கள் டேக்கைப் படிக்கவில்லை. "கொஞ்சம் பின்னாடி எடுங்க சார்" என்கிறார் பூத்தில் இருக்கும் பையன். எங்கே எடுப்பது? பின்னால் நான், எனக்குப் பின்னால் லாரி. அப்புறம் கையில் பிடிக்கிற ஸ்கேனரைக் கொண்டுவந்து கண்ணாடியில் இப்படியும் அப்படியுமாகத் தேய்க்கிறார்கள். அதிலும் வரவில்லை. டிரைவர் போனை நீட்டி, "பேலன்ஸ் இருக்கு, பாருங்க தம்பி" என்று காட்டுகிறார். பையன் போனைப் பார்க்கவே இல்லை. "கேஷ்னா ரெட்டிப்பு, யுபிஐனா ஒண்ணேகால்" என்கிறார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது, வேனுக்குள் குழந்தை அழுகிறது. அந்த மனிதர் என்ன செய்வார்? கட்டிவிட்டுப் போனார். அடுத்தது என் வண்டி. அதே ரீடர், அதே கூத்து.

வயிறு எரிவது இங்கேதான். டேக் செல்லுபடியாக இருந்து, போதிய பணமும் இருந்து, சாவடியின் கருவி கோளாறால் பணம் எடுக்க முடியவில்லை என்றால், அந்த வண்டியைக் கட்டணமில்லாமல் விட வேண்டும், பூஜ்ய ரூபாய் ரசீதும் தர வேண்டும். இது 2018-லிருந்தே விதியில் இருக்கிறது. 2025 நவம்பர் 15 முதல் வந்த ரெட்டிப்பும் ஒண்ணேகாலும் டேக் இல்லாதவர்களுக்கும் டேக் செல்லாதவர்களுக்கும்தான். அதை ஒழுங்காக டேக் வைத்திருப்பவன் தலையில் ஏன் கட்டுகிறார்கள்? நான் விதியைச் சொல்லிக் கேட்டேன். சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறேன் என்று போன பையன் திரும்பி வரவில்லை. நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் போட்டால் புகார் பதிவாகும், சரி. ஆனால் அந்த நிமிஷத்தில் கம்பியைத் தூக்க அங்கே யார் இருக்கிறார்கள்? அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் நாள் முழுக்க நம்மிடம் திட்டு வாங்குகிறவர் அவர். ரசீது கொடுக்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்காதவர்கள் மேல்தான் கோபம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வண்டிக்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகக்கூடாது, வரிசை 100 மீட்டரைத் தாண்டினால் இலவசமாக விட வேண்டும் என்று 2021 மே மாதம் தேசிய நெடுஞ்சாலை ஆணையமே சொன்னது. ஒவ்வொரு லேனிலும் அதற்காக மஞ்சள் கோடு போடச் சொன்னார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் செங்கல்பட்டு பக்கத்துப் பரனூர் சாவடியில் வண்டிகள் நிற்கும் அழகை வருடா வருடம் டிவியில் பார்க்கிறோமே, அங்கே 100 மீட்டரா கணக்கு? வரிசையைக் குறைக்க முடியாமல், 2024-ல் அந்த விதியையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மாணவனுக்குக் கணக்கு வரவில்லை என்று பரீட்சையை நிறுத்துவது மாதிரி இருக்கிறது இது.

இப்போது தடுப்புக் கம்பியே இல்லாத சாவடி என்கிறார்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்குமாம், வண்டி வேகம் குறையாமல் போகலாமாம். குஜராத்தில் சோர்யாசி சாவடிக்கு 2025-ல் ஒப்பந்தமும் போட்டார்கள். வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே எங்கோ ஒரு டோலில் பணம் எடுத்ததாக மெசேஜ் வந்து அலைந்தவர்கள் எத்தனை பேர்! நாளைக்குக் கேமரா ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தால், அது என் வண்டி இல்லை என்று நிரூபிக்க நான்தான் அலைய வேண்டுமா?

புது டெக்னாலஜி அப்புறம் வரட்டும். முதலில் அந்தப் பூஜ்ய ரூபாய் ரசீது விதியைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு பூத் கண்ணாடியிலும் ஒட்டுங்கள். ரீடர் படிக்கவில்லையா, ரசீதைக் கொடுத்துவிட்டுக் கம்பியைத் தூக்குங்கள்.