குழந்தைக்குத் திட்டமா? எல்லா மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்

"முடக்குவாதம் உள்ள பெண், குழந்தை வேண்டுமென்று நினைத்த அன்றே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டும். கர்ப்பமானால் வாதம் தானாகவே போய்விடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் தொல்லை.

முடக்குவாதத்துக்கு, அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் இந்த நோய்க்கு, வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை நிறுத்தியே ஆக வேண்டும். அது கருவைக் கலைக்கலாம், பிறவிக் குறைபாடும் உண்டாக்கலாம். அதனால் குழந்தைக்கு முயல்வதற்கு 1 முதல் 3 மாதம் முன்பே விடச் சொல்வார்கள், அதுவரை கருத்தடையும் அவசியம். லெஃப்ளூனோமைடு என்ற இன்னொரு வாத மாத்திரை இன்னும் பிடிவாதம். நிறுத்தினாலும் 2 வருடம் வரை உடம்பில் தங்கலாம். அதை வெளியேற்றவே கொலஸ்டைரமின் என்று ஒரு பொடி கொடுக்கிறார்கள்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் என்ற வாத மாத்திரைகளின் கதை வேறு. இவற்றைக் கர்ப்பத்திலும் தொடரலாம். சல்ஃபாசலசினோடு ஃபோலிக் அமிலமும் சேர வேண்டும். இவற்றையும் தூக்கிப்போட்டால் காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்கக்கூட விரல் மடங்காமல் போகலாம். நோய் அடங்காதபோது கரு தரிப்பதும் தள்ளிப்போகலாம், குறைப்பிரசவ வாய்ப்பும் கூடும்.

சரி, கர்ப்பத்தில் வாதம் போய்விடுமா? பலருக்கு வலி குறைவது உண்மை, எல்லோருக்கும் அல்ல. குறைந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் திரும்புவது சகஜம், அதுவும் கைக்குழந்தையைத் தூக்க வேண்டிய நேரத்தில்.