நாலு இன்ஸ்டால், ஒரே கிணறு

அசெட்டோ கோர்ஸா என்கிற கார் ரேஸ் விளையாட்டின் சர்வர் என்னை வெளியே தள்ளியபோது மணி 8:41. செக்சம், அதாவது ஃபைலின் கைரேகை, பொருந்தவில்லையாம்.

ரேஸ் 9 மணிக்கு. இத்தாலியின் இமோலா டிராக், பிஎம்டபிள்யூ இ30 எம்3 கார், பதினைந்து சுற்று. வாரம் முழுக்க ஆபீஸிலிருந்து வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் வீல் முன்னால் உட்கார்ந்து, ரிவாட்சா இறக்கத்தில் எந்தப் பலகைக்கு நேராக பிரேக்கை மிதிப்பது என்று பழகியிருக்கிறேன். மறுபடி நுழைந்தேன். மறுபடி வெளியே. மூன்றாவது தடவை மெதுவாக, மரியாதையாக க்ளிக் செய்து பார்த்தேன். அதற்கும் மசியவில்லை. மொய்க் கவரும் கையுமாக மண்டப வாசலில் நிற்பவனிடம் "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது.

இத்தனைக்கும் அது என்னுடைய சுத்தமான இன்ஸ்டால். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டின் பெயரே "சுத்தம் தொடாதே". அதில் ஒரு மோட் கூட, அதாவது வெளியாட்கள் செய்து தரும் காரோ டிராக்கோ எதுவும், போட்டதில்லை. போட்டதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அசெட்டோ கோர்ஸா நாலு இன்ஸ்டால் உண்டு. ஏன் நாலு என்று கேட்பவர்கள் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர்கள். சுத்தம், லீக் ரேஸுக்கு. டோக்கியோ, ராத்திரியில் ஷூட்டோ எக்ஸ்பிரஸ்வேயில் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்ட. பழசு, அதிலிருக்கும் ஏழெட்டு கார்களுக்காக. விளையாட்டின் மேல் ஒட்டுப்போடும் ஷேடர் பேட்ச் பழையதாக இருந்தால்தான் அவை ஒழுங்காக நிற்கும், புதியதில் போட்டால் சக்கரம் ரோட்டுக்குள் புதைந்துவிடும். நாலாவது சோதனை. அந்தப் பெயர் இரண்டு அர்த்தத்திலும் பொருந்தும்.

2014இல் வந்த விளையாட்டு இது. கம்பெனி பக்கத்திலிருந்து 1.16 வெர்ஷனோடு கணக்கு முடிந்தது. அதில் ராத்திரியும் கிடையாது, மழையும் கிடையாது. இரண்டையும் கொண்டுவந்தது வெளியிலிருந்து வந்த கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச். எழுதியவருக்குக் கோயில் கட்டினாலும் தகும். ஆனால் பேட்ச் ஒரு படி ஏறினால் பாதி மோட் முறுக்கிக்கொள்ளும், ஏறாவிட்டால் மீதிப் பாதி முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் பாகம் பிரித்தேன். அண்ணன் தம்பி நாலு பேருக்கும் தனித்தனி வீடு கொடுத்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்று ஊரில் பெரியவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

வீடு தனி. கிணறு பொது. பத்திரம் எழுதும்போது அது உறைக்கவில்லை.

முதல் கிணறு நானே வெட்டியது. மோட் எல்லாம் சேர்ந்து ஒரு இன்ஸ்டால் 190 ஜிபியைத் தாண்டிவிட்டது. நாலுக்கும் தனித்தனியாக இடம் கொடுக்க என் எஸ்எஸ்டி என்ன தாத்தா சொத்தா? ஆகவே டிராக் ஃபோல்டரை மட்டும் ஸ்டீம் இருக்கிற இடத்திலேயே விட்டு, மற்ற மூன்று இன்ஸ்டாலிலிருந்தும் எம்கேலிங்க் கட்டளையால் அதற்கு ஜங்ஷன் போட்டேன். பார்த்தால் நாலு ஃபோல்டர், டிஸ்க்கில் ஒன்றே ஒன்று. அன்றைக்கு எனக்கு நானே முதுகில் ஒரு ஷொட்டு கொடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி டோக்கியோவுக்குள் ஒரு ஜிப்பைப் பிரித்துப் போட்டேன். இமோலாவின் மரங்களை இன்னும் பச்சையாகக் காட்டுகிற மோட். மரம் மட்டும்தான். ஜிப்புக்குள் ஒரு ரார், ராருக்குள் ஒரு ஃபோல்டர், அதற்குள் ரீட்மீ. ரீட்மீயில் ஒரே வரி: ரூட் ஃபோல்டரில் போடவும். எந்த ரூட் ஐயா? விளையாட்டின் ரூட்டா, கன்டென்ட்டா, டிராக்ஸா, சி டிரைவா, அரச மரத்தின் வேரா? இந்த ஒரு வரியை நம்பி கன்டென்ட்டுக்குள் கார்ஸ், கார்ஸுக்குள் மறுபடி கன்டென்ட், அதற்குள் மறுபடி கார்ஸ் என்று வெங்காயம் உரித்தவர்கள் கை தூக்குங்கள். கார் வரவில்லையே என்று அரை மணி நேரம் தேடியவர்கள் இரண்டு கையையும் தூக்குங்கள்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். 8:44க்கு சர்வர் நடத்துகிறவருக்கு மெசேஜ் போட்டேன். நல்ல மனிதர், பதிவைப் பார்த்துச் சொன்னார்: இமோலாவின் சர்ஃபேசஸ் ஃபைல். ரோடு, கெர்ப், புல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பிடிமானம் என்று எழுதியிருக்கும் சின்ன டெக்ஸ்ட் ஃபைல் அது. மரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் ஜிப்பில் இருந்தது. டோக்கியோவில் போட்டது ஜங்ஷன் வழியாக நேரே சுத்தத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

பிறகு ராத்திரி உட்கார்ந்து இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யாராவது புல்லின் பிடிமானத்தை ஏற்றிக் குறுக்கு வழி போட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன், அதில் ஒரு திருட்டுப் புத்தியாவது இருக்கும். எண்கள் எல்லாம் அப்படியே. ஒரு புள்ளி மாறவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மூன்று தடவை மேலிருந்து கீழ் வரை வாசித்தேன். கடைசியில், எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு வெற்று வரி. அவ்வளவுதான். எங்கேயோ ஒரு மகானுபாவர் அந்த ஃபைலைத் திறந்து, கடைசியில் ஒரு என்டர் தட்டி, ஏன் திறந்தோம் என்பதையே மறந்து சேவ் கொடுத்திருக்கிறார். ஒரு எழுத்துகூட இல்லாத அந்த ஒரு வரி போதும், செக்சம் மொத்தமாக மாறிவிடும். சர்வருக்கு அது இமோலாவே கிடையாது. நான் மோசடிப் பேர்வழி.

ஆனால் 8:45க்கு இதையெல்லாம் ஆராய நேரமில்லை. ஸ்டீமில் ஃபைல்களைச் சரிபார்க்கும் பட்டனை அழுத்தினேன். அது நிதானமாக, ரேஷன் கடையில் பில் போடுகிற வேகத்தில் ஒரு சதவீதம் ஒரு சதவீதமாக நகர்ந்தது. 8:53க்கு முடிந்தது: இரண்டு ஃபைல் சரியில்லை, திரும்ப இறக்குகிறோம். இரண்டா? ஒன்று சர்ஃபேசஸ். இன்னொன்று எது?

ஷார்ட்கட்டைத் தட்டியதும் தெரிந்தது. விளையாட்டைத் திறக்க நாங்கள் எல்லாரும் பயன்படுத்தும் கன்டென்ட் மேனேஜர் வரவேண்டிய இடத்தில், பத்து வருஷத்துக்கு முந்தைய அசல் லாஞ்சர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. ஸ்டீமிலிருந்து நேரே கன்டென்ட் மேனேஜர் திறக்க வேண்டும் என்று அதன் எக்ஸி ஃபைலுக்கு அசல் எக்ஸியின் பெயரை மாற்றி வைத்திருப்போமே, அதைத்தான் ஸ்டீம் "சரி" செய்துவிட்டது. நான் ஒரு வெற்று வரியை எடுக்கச் சொன்னேன், அது வீட்டுக் கதவையும் சேர்த்து மாற்றிவிட்டுப் போயிருக்கிறது. கன்டென்ட் மேனேஜரைத் தேடிப் பிடித்துத் திறந்து, சர்வரைத் தேடி, உள்ளே நுழைந்தபோது 8:58. இந்த முறை விட்டார்கள்! குவாலிஃபையிங் முடிகிற நேரம். கடைசி இடம். பரவாயில்லை, கடைசியிலிருந்து மேலே வருவதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

சிவப்பு விளக்கு எரிந்தது. கிளட்ச்சை மிதித்தேன், முதல் கியர். விளக்கு அணைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

ஒன்றும் இல்லை.

திரையில் இருக்கும் அந்தக் கையுறை போட்ட கை அசையவே இல்லை. நான் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன், வலப்பக்கம் ஒடித்தேன், அந்த ஆள் நேரே பார்த்துக்கொண்டு தியானத்தில் இருக்கிறார். முன்னால் நின்ற பதினேழு காரும் தம்புரெல்லோ வளைவுப் பக்கம் போய் மறைந்துவிட்டன. இமோலா பந்தயப் பாதையில் காரை நிறுத்திவிட்டு, 4.909 கிலோமீட்டர் நீள அமைதியில் சுற்றுப்புறத்தை ரசித்தவன் நானாகத்தான் இருப்பேன். மரமெல்லாம் நிஜமாகவே பச்சையாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து முதல் ஆள் என்னைத் தாண்டிப் போனார். சாட்டில் ஒருவர் "பெட்ரோல் தீர்ந்துடுச்சா ப்ரோ?" என்று கேட்டார்.

இரண்டாவது கிணறு இதுதான். இதை வெட்டியது நானில்லை. நீங்கள் நாலு இன்ஸ்டால் வையுங்கள், நாற்பது வையுங்கள்; கன்ட்ரோல் செட்டிங் எல்லாம் டாக்குமென்ட்ஸில் இருக்கும் அந்த ஒரே அசெட்டோ கோர்ஸா ஃபோல்டரில்தான் எழுதப்படும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த அக்கா பையன் "மாமா, ஒரே ஒரு ரவுண்டு" என்று டோக்கியோவைத் திறந்து கேம்பேடில் ஓட்டினான். ஒன்றும் கெட்டுப் போகாது, டோக்கியோ தனி இன்ஸ்டால்தானே என்று நானும் விட்டேன். வீலை ஓரம் கட்டிவிட்டு கேம்பேடுதான் இனி என்று அந்த ஒரே ஃபைலில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான் பிள்ளை. ரேஸ் நடுவில் அதை மாற்றவும் முடியாது. வெளியே வந்துதான் மாற்ற வேண்டும், வெளியே வந்தால் லீக்கில் திரும்ப விட மாட்டார்கள். இதில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை என் அனுமதியே கேட்காமல் மேகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும் சின்க் சமாசாரம் வேறு. கன்ட்ரோல் ஃபைலுக்கு என் லேப்டாப் பெயர் ஒட்டிய இரண்டு நகல், ரீப்ளே எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்க மேலே ஏற்றும் முயற்சி, கடைசியில் இடம் போதவில்லை, பணம் கட்டு என்று அறிவிப்பு. கன்டென்ட் மேனேஜரும் தன் பங்குக்கு நாலு வீட்டுக் கணக்கையும் விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டரில் ஒரே நோட்டில்தான் எழுதுகிறது.

ரேஸ் போயிற்று. 11 மணி வரை ஜங்ஷன்களை ஒவ்வொன்றாக அறுத்தேன். டிராக்கை நாலாகப் பிரதி எடுக்க இடம் போதாமல், நாலு வருஷத்து ரீப்ளேயை அழித்தேன். அதில் மோன்ஸாவில் நான் ஜெயித்த ஒரே ரேஸும் போனது, அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். இன்ஸ்டால் மாறும்போது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையும் பெயர் மாற்றி மாற்றி வைக்க கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு .bat ஃபைல் எழுதினேன். முதல் தடவை ஓடியதில் அது தன்னையே பெயர் மாற்றிக்கொண்டது.

மணி 12:30. கோபம் எல்லாம் வடிந்து, ஒரு சுற்றாவது ஓட்டிவிட்டுப் படுக்கலாம் என்று டோக்கியோவைத் திறந்தேன். போன வாரம் இறக்கிய ஒரு கார், இன்னும் தொட்டுக்கூடப் பார்க்காதது. மழையோடு வரும் புதிய ஷேடர் பேட்ச். ஈர ரோட்டில் சிவப்பு விளக்குகள் கரைந்து ஓடின, பார்க்க அவ்வளவு அழகு. காரில் மட்டும் எஞ்சின் சத்தமே இல்லை. ஜிப்பில் சத்தத்தைக் காரோடு இணைக்கும் ஜியூஐடி ஃபைலை வைக்க மறந்துவிட்டார்கள். சரி, எலெக்ட்ரிக் கார் என்று நினைத்துக்கொள்கிறேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை, சிரிப்புதான் வந்தது. சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஹெட்போனைத் தாண்டி மெல்ல மழைச் சத்தம். அடடா, மழைச் சத்தமாவது வருகிறதே, இந்தப் பேட்ச்காரரைக் கும்பிட வேண்டும் என்று ஒரு நிமிடம் நெஞ்சு நிறைந்துபோய் சவுண்டைக் கூட்டினேன். கூடவில்லை. ஹெட்போனைக் கழற்றினேன். சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது.

மாடித் தொட்டி வழிகிறது. மேல் வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். இந்த மாதத்தில் இது ஐந்தாவது தடவை. போன தடவை கேட்டதற்கு "ஆட்டோ கட் மாட்டியாச்சு சார்" என்றார். எங்கே மாட்டினார், யார் வீட்டில் மாட்டினார்? போர் தண்ணீர் மே மாதத்தில் ஏற்கெனவே கலங்கலாகத்தான் வருகிறது, இதில் நடு ராத்திரி அரை மணி நேரமாக மொட்டை மாடியிலிருந்து அருவி கொட்டுகிறது, கீழே காயப்போட்ட என் ஆபீஸ் சட்டை மூன்றும் அங்கேதான் தொங்குகின்றன, இருங்கள், போய் காலிங் பெல்லை அழுத்திவிட்டு வருகிறேன்.